ஃபாரிஸ் வந்தாரா, வந்தாளா?

தொண்ணூறுகளில் டிவி கேம் ஆடி வளர்ந்தவர்களிடம் ஒரு கேள்வி. டாங்கு விளையாட்டில் அந்தக் கழுகு யார்? அதை ஏன் காப்பாற்ற வேண்டும்? யாருக்கும் தெரியாது. கதை என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. செங்கல் சுவர், நடுவில் கழுகு, சுற்றி எதிரி டாங்குகள், அம்புட்டுதான். "9999 இன் 1" என்று ஸ்டிக்கர் ஒட்டிய கேட்ரிட்ஜை சொருகினால் அந்த டாங்கு வரும், கார் ஓட்டும் ரோடு ஃபைட்டர் வரும், நெருப்பு வளையத்தில் சிங்கத்தோடு தாவும் சர்க்கஸ் சார்லி வரும். மீதி ஒன்பதாயிரத்துச் சொச்சமும் அதே விளையாட்டுகள் திரும்பத் திரும்ப. :-)

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளூரில் விற்ற டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் இயந்திரத்தின் நகல்கள். டாங்கு விளையாட்டின் நிஜப் பெயர் பேட்டில் சிட்டி, நாம்கோ நிறுவனம் 1985-ல் போட்டது. ஃபேமிகாமுக்கு வந்த அந்த விளையாட்டை அமெரிக்காவில் அப்போது விற்கவே இல்லை. சர்க்கஸ் சார்லியின் ஃபேமிகாம் கேட்ரிட்ஜும் ஜப்பானோடு சரி. அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கடையில் கிடைக்காத ஜப்பானிய விளையாட்டுகளை, பாகூர் பக்கத்துப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் மணிக்கணக்காக ஆடியிருக்கிறார்கள்.

அவை மட்டும் எப்படி இங்கே வந்து சேர்ந்தன? காரணம் ரொம்ப எளிது. அவற்றில் படிக்க எதுவும் இல்லை.

அதே இயந்திரத்துக்கு 1986-ல் டிராகன் குவெஸ்ட் என்று ஒன்று வந்தது. ஜப்பானையே கலக்கிய விளையாட்டு. அதில் முதல் காட்சியே அரசனின் பூட்டிய அறை. அரசன் பேசுவதைக் கேட்டு, பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து, பட்டியலில் "கதவு" என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தால்தான் வெளியே வர முடியும். ஜப்பானிய எழுத்து தெரியாதவன் ஆயுசு முழுக்க அந்த அறையிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆக, சுடுகிற விளையாட்டும் தாவுகிற விளையாட்டும் கடல் தாண்டின. கதை சொன்னவை அங்கேயே நின்றுவிட்டன.

அப்படி நின்றுபோனவற்றை வெளியே இழுத்து வந்தது கம்பெனிகள் அல்ல, ரசிகர்கள். காசு வாங்காமல், யாரும் கேட்காமல், ராத்திரி கண்விழித்து ஜப்பானிய விளையாட்டுகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த கூட்டம் ஒன்று இருக்கிறது. ஆரம்ப உதாரணங்களில் ஒன்று 1993-ல் நடந்தது. நெதர்லாந்தில் எம்.எஸ்.எக்ஸ். என்ற கணினியின் ரசிகர்கள், கொனாமியின் எஸ்.டி. ஸ்நாட்சரை ஆங்கிலமாக்கினார்கள். கவனியுங்கள், டச்சுக்காரர்கள், ஜப்பானியத்திலிருந்து, ஆங்கிலத்துக்கு! தாய்மொழியிலிருந்தும் இல்லை, தாய்மொழிக்கும் இல்லை.

பெரிய வெடி 1998-ல் வெடித்தது. ஸ்கொயர் நிறுவனத்தின் ஃபைனல் ஃபேன்டஸி ஐந்தாம் பாகம் 1992 டிசம்பரில் ஜப்பானில் வந்தது, மற்ற நாடுகளுக்கு வரவில்லை. ஆர்.பி.ஜி.ஈ. என்ற பெயரில் இணையத்தில் கூடிய சில இளைஞர்கள், முன்னனுபவம் எதுவும் இல்லாமல், அதை முழுசாக ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். அடுத்த வருஷம், 1999-ல், கம்பெனியே பிளேஸ்டேஷனில் ஆங்கிலப் பதிப்பு போட்டது. அதில் ஒரு அரக்கனுக்கு "ஒய் பர்ன்" என்று பெயர். என்ன கூத்து என்றால், அது வைவர்ன் என்கிற பறக்கும் நாகம். ஜப்பானியத்தில் அதை "வைபான்" என்கிற மாதிரி எழுதுவார்கள். மொழிபெயர்த்தவர் என்ன ஏது என்று பார்க்காமல் ஒலியை மட்டும் பிடித்து இரண்டு ஆங்கிலச் சொல்லாகப் பிய்த்துவிட்டார். சம்பளம் வாங்கியவர் செய்தது இது. அந்த விளையாட்டின் மேல் பைத்தியமாகத் திரிந்த பையன்களிடம் இந்த மாதிரி சறுக்கல் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்த ரசிகர் பதிப்புதான் இருபத்துச் சொச்ச வருஷம் கழித்து செலியமேட்டுக்கு வந்து சேர்ந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு பையனின் பழைய லேப்டாப்பில்.

பையனுக்கு ஆங்கிலம் தடுமாற்றமில்லாமல் வரும். அவன் தங்கச்சி ஆறாவது படிக்கிறாள். தமிழ் என்றால் சிறுவர்மலரை மூச்சுவிடாமல் படித்து முடிப்பாள், ஆங்கிலம் என்றால் எழுத்துக்கூட்டித்தான். ஆனால் விசைப்பலகை அவள் கையில்தான் இருக்கும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் ஓடும் வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "காத்து நின்னுபோச்சாம், ராஜா என்னன்னு பாக்கப் போறாராம்", "கிழவருக்கு பழசெல்லாம் மறந்துபோச்சாம்" என்று. ஜப்பானியம் ஆங்கிலமாகி, ஆங்கிலம் செலியமேட்டுத் தமிழாகி, ஒரு கோடை முழுக்க மத்தியானங்களில் இப்படியே ஓடியது. கரண்டு போனால் விளையாட்டு நிற்கும், கதை மட்டும் தொடரும்.

கதையில் ஒரு கடற்கொள்ளைத் தலைவன் வருவான், பெயர் ஃபாரிஸ். காற்றே இல்லாத கடலில் ஓடும் கப்பல் அவனுடையது (கீழே ஒரு கடல்நாகம் இழுத்துக்கொண்டு போகிறது). கதாநாயகனும் கூட்டாளிகளும் கப்பலைத் திருடப் போய் மாட்டிக்கொண்டு, பிறகு ஃபாரிஸும் அவர்களோடு சேர்ந்துகொள்வான். கொஞ்ச தூரம் போனதும், கப்பல்களின் சுடுகாடு மாதிரி ஓரிடத்தில் நனைந்த துணியைக் காயவைக்கும்போதுதான் தெரியும், ஃபாரிஸ் ஆண் இல்லை, பெண். அதுவும் காணாமல்போன இளவரசி.

அந்த இடம் வந்ததும் தங்கச்சி விசைப்பலகையைத் தள்ளிவிட்டாள்.

"நீ அவன்னுதானே சொல்லிட்டு வந்தே?"

"ஆமா. அப்போ ஆம்பள வேஷம்ல?"

"அப்போ பொய்தானே சொல்லியிருக்கே. அவருன்னு சொல்லியிருக்கணும்ணா. கப்பல் தலைவரை எவனாச்சும் அவன் இவன்னு கூப்புடுவானா?"

பையன் வாயடைத்துப்போனான். விஷயம் என்னவென்றால் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எழுவாய் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்க ஜப்பானியத்தில் முடியும், வினைச்சொல்லில் ஆண்பால் பெண்பால் ஒட்டாது. அதனால் ஃபாரிஸின் ரகசியம் அங்கே பத்திரமாக இருக்கும். ஆங்கிலத்தில் பிரதிப்பெயர் வந்தால் ரகசியம் உடையும், சுற்றி வளைத்துத்தான் எழுத வேண்டும். தமிழில் நிலைமை இன்னும் மோசம். வந்தான், வந்தாள், போனான், போனாள் என்று ஒவ்வொரு வினையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் "வந்தார்" என்று ஒன்று வைத்திருக்கிறோமே! மரியாதை கொடுத்தால் பால் மறைந்துவிடும். கொள்ளைக்கூட்டம் தன் தலைவரை "தலைவர் வந்துட்டார்" என்றுதான் சொல்லும், அதுதான் இயல்பும் கூட. ரகசியமும் காப்பாற்றப்படும், கேட்கிறவளிடம் பொய் சொன்னதாகவும் ஆகாது. ஆங்கிலக்காரர்களிடம் இல்லாத வசதி இது.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கதாநாயகன் ஃபாரிஸைப் பற்றிப் பேசும்போது என்ன சொல்ல வேண்டும்? அவனும் ஏமாந்தவன்தானே. சம வயது, சண்டைக்காரன், அவன் வாயில் "அவர்" வந்தால் நாடகத்தனமாக இருக்கும். அவன் வாயில் "அவன்" வந்தால் அது அவன் நம்பிய பொய், மொழிபெயர்த்தவன் சொன்ன பொய் ஆகாது. ஃபாரிஸோ தன்னைப் பற்றிப் பேசினால் "வந்தேன், போனேன்" என்றுதான் வரும், ஆபத்து இல்லை. ஆனால் ஜப்பானியத்தில் ஃபாரிஸ் தன்னை "ஓரே" என்று சொல்லிக்கொள்ளும். முரட்டு ஆண்கள் பயன்படுத்தும் "நான்" அது. தமிழில் இருப்பதோ ஒரே ஒரு நான். முரட்டுத்தனத்தை வேறு எங்காவது வைக்க வேண்டும், பேச்சின் தோரணையில்தான் வைக்க முடியும். பக்கத்திலேயே மூர்த்திக்குப்பம், பனித்திட்டு என்று கடற்கரை ஊர்கள் இருக்கின்றன. கடலில் போய் வருகிறவர்களின் பேச்சு காதில் விழாத செலியமேட்டுக்காரர் யார்?

இந்தச் சண்டைக்குப் பிறகுதான் பையனுக்கு ஆசை வந்தது. வாயால் சொல்வதை நிஜமாகவே திரையில் கொண்டுவந்தால் என்ன?

சரி, இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கேட்ரிட்ஜில் இருக்கும் மொத்தத்தையும் ஒரே கோப்பாக எடுத்தால் அது வெறும் எண்களின் குவியல். எழுத்துக்கள் உள்ளே இருக்கும், ஆனால் எந்த எண் எந்த எழுத்து என்பது அந்த விளையாட்டைச் செய்தவர்களின் இஷ்டம். திறந்து பார்த்தால் எல்லாம் குப்பையாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு அழகான குறுக்குவழி உண்டு. எழுத்தின் எண் தெரியாவிட்டாலும் எழுத்துக்களின் வரிசை தெரியும் அல்லவா? திரையில் ஒரு சொல் தெரிகிறது. அதன் முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் அகரவரிசையில் எத்தனை இடம் தூரம், அடுத்ததற்கு எத்தனை தூரம் என்று எண்ணி, அதே இடைவெளிகள் உள்ள எண் வரிசையைக் கோப்பில் தேடினால் சொல் மாட்டிக்கொள்ளும். ஒரு சொல் மாட்டினால் போதும், மொத்த அகராதியும் கைக்கு வந்துவிடும். 80 என்றால் இந்த எழுத்து, 81 என்றால் அந்த எழுத்து என்று ஒரு அட்டவணை எழுதிக்கொள்வார்கள். ரசிகர்கள் இதற்கு வைத்த பெயரே டேபிள் கோப்புதான்.

பையனுக்கு இது புத்தகத்தில் படித்துப் புரியவில்லை. பாகூரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் டி.டி.பி. கடையில்தான் புரிந்தது. சொந்தக்காரர் வீட்டு மஞ்சள்நீராட்டு அழைப்பிதழை வாங்கப் போனான். கடைக்கார அக்கா பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்ததை அவன் தன் போனில் திறந்தால் தலைகால் புரியாத ஆங்கில எழுத்துக்களாகக் கொட்டியது. "அது என் கம்ப்யூட்டர்லதான் தமிழா தெரியும்டா தம்பி. ஆங்கில எழுத்து இருக்கற எடத்துல தமிழ் எழுத்து படத்த ஒட்டி வச்சிருக்காங்க. ஃபான்ட் இல்லன்னா அம்புட்டும் குப்பை" என்றார் அக்கா.

அட, டேபிள் கோப்பு என்பதும் அதுதானே! யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ்க் கணிமை மொத்தமும் இப்படித்தான் பிழைத்தது. பாமினி ஒரு அட்டவணை, திஸ்கி ஒரு அட்டவணை, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டேம், டேப் வேறு இரண்டு அட்டவணைகள். ஆங்கிலத்துக்குப் பாதியை விட்டுவிட்டு மீதி 128 இடத்துக்குள் தமிழை எப்படி அடக்குவது என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இருந்த நாடுகளிலும் மண்டையைப் போட்டு உடைத்தார்கள். ஜப்பானிய விளையாட்டை உடைத்து ஆங்கிலம் திணித்தவர்கள் செய்ததும் அதே வேலை. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்திருந்தால் நிறையப் பேசியிருக்கும்.

பையன் கணக்குப் போட்டான். (கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) ஃபேமிகாமில் திரையின் பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256 கட்டங்கள்தான். ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டு புள்ளி. தமிழில் 247 எழுத்து என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரச் சங்கிலி நான்கும் தனிக் கட்டங்கள். உயிரும் ஆய்தமும் 13. அகர வரிசை 18, மெய் 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36. கூட்டினால் 125. கிரந்த எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்தாலும் உள்ளே அடங்கிவிடுகிறது, ஆனால் மரம், சுவர், கதவு வரைய இடம் குறுகிப்போகும். இங்கேதான் ஜப்பானியர்களின் தந்திரம் ஒன்று கைகொடுக்கிறது. அவர்கள் "க" எழுத்தின் தோளில் இரண்டு சின்னக் கோடு போட்டு ஒலிப்புடைய "க" ஆக்குவார்கள். டிராகன் குவெஸ்ட் மாதிரி விளையாட்டுகளில் அந்தக் கோட்டை எழுத்தோடு சேர்க்காமல் மேல் வரியில் தனிக் கட்டமாக வைத்தார்கள், இடம் மிச்சம். நம் புள்ளியையும் அப்படியே மேல் வரியில் வைத்துவிட்டால்? 18 மெய்க்கு ஒரே ஒரு கட்டம். 125 சட்டென்று 108 ஆகிவிடும். தொல்காப்பியர் காலத்துப் புள்ளியும் ஃபேமிகாமும் இவ்வளவு நன்றாக ஒத்துப்போகும் என்று யார் நினைத்தது.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, அகலத்தில். "ண" என்ற எழுத்தை எட்டுப் புள்ளி அகலத்தில் வரைந்து பாருங்கள். அடுத்த எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஒரு புள்ளி விட்டால் கையில் ஏழு. ஏழு புள்ளிக்குள் மூன்று சுழியும் ஒரு காலும். பையன் பதினோரு விதமாக வரைந்தான், பதினொன்றும் நசுங்கிய கம்பளிப்பூச்சி. ட, ப, ம எல்லாம் தங்கமான பிள்ளைகள், சதுரமாக வந்து உட்காரும். ண, ஞ, ஐ மூன்றும் சேர்ந்து உயிரை எடுக்கும்.

நல்லவேளை, ஃபைனல் ஃபேன்டஸி ஐந்தாம் பாகம் அதற்கடுத்த இயந்திரமான சூப்பர் ஃபேமிகாமில் வந்தது. அதில் வசனப் பெட்டியில் சீன எழுத்துக்களும் வரும் என்பதால் கட்டமே பெரிசு. சீன எழுத்து உட்காரும் இடத்தில் "ண" தாராளமாகக் கால் நீட்டும். பட்டியல்களில்தான் பழையபடி சின்னக் கட்டம். அங்கே பொருட்களின் பெயருக்குச் சுமார் எட்டு எழுத்துக்கு மேல் இடம் இல்லை. ஆங்கிலத்தில் செய்தவர்கள் பெயர்களை வெட்டி, சுருக்கி, உயிரெழுத்தைப் பிடுங்கி என்னென்னவோ செய்தார்கள். செத்தவனை எழுப்பும் பீனிக்ஸ் இறகு என்று ஒரு பொருள் உண்டு. ஆங்கிலத்தில் பன்னிரண்டு இடம் பிடிக்கும். ஜப்பானிய மூலத்தில் அது இறகே இல்லை, பீனிக்ஸின் வால், எட்டு எழுத்து. பையன் "பீனிக்ஸ் வால்" என்று எழுதி எண்ணிப் பார்த்தான். பீ, னி, க், ஸ், ஒரு இடைவெளி, வ, கால், ல். மிகச்சரியாக எட்டு! அன்றைக்கு அவன் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. அம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இலக்கண விஷயத்தில் தமிழுக்கு இன்னொரு அதிர்ஷ்டம். இந்த விளையாட்டுகளில் சண்டைச் செய்திகள் முழு வாக்கியமாக எழுதப்பட்டிருக்காது. அரக்கனின் பெயர், ஒரு உருபு, ஒரு எண், ஒரு வினை என்று துண்டு துண்டாக இருப்பதை நிரல் அந்த நேரத்தில் ஒட்டும். ஜப்பானிய வரிசை: ஸ்லைமுக்கு, ஐந்து, அடி, கொடுத்தான். ஆங்கிலக்காரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க நிரலையே திருத்த வேண்டியிருந்தது. தமிழுக்குத் திருத்தவே வேண்டாம், நாம் பேசுவதும் அதே வரிசைதான். ஜப்பானியத்தின் "நி" இருந்த இடத்தில் நம் "க்கு" போய் உட்காரும்.

ஆனால் பூதம் வந்தால்? "பூதம்க்கு" என்று எழுத முடியுமா? பூதத்துக்கு. காடு என்றால் காட்டுக்கு. ஜப்பானியத்தில் உருபு வந்தாலும் பெயர் ஆடாமல் அசையாமல் இருக்கும், தமிழ்ப் பெயர் வளைந்துகொடுக்கும். நிரலுக்கு இந்த நெளிவு தெரியாது. எல்லா அரக்கர்களுக்கும் இரண்டாவது பெயர் ஒன்று சேமித்து வைக்கலாம், இடம் போய்விடும். பையன் கண்டுபிடித்த வழி "மேல்". "பூதம் மேல அடி" என்று பேச்சில் சொல்கிறோம், பெயர் மாறுவதில்லை. இலக்கண வாத்தியார் பூதத்தின் மேல் என்று திருத்துவார். திருத்தட்டும், அவருக்கு ரோம் கோப்பில் எத்தனை பைட்டு மிச்சம் என்று தெரியாது.

இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள்? இந்த உலகத்தில் தொடங்கிக் கைவிட்டவையே அதிகம். முடித்தவர்களின் கதைகள் பிரமிப்பாக இருக்கும். நியர் என்ற புனைபெயரில் இருந்த ஒருவர் பஹாமட் லகூன் என்ற 1996-ம் வருஷத்து விளையாட்டை மொழிபெயர்க்கப் பதின்ம வயதில் தொடங்கினார். ரசிகர் மொழிபெயர்ப்புகள் பல, கணினியில் ஓடும் போலி இயந்திரத்தில் சரியாக ஓடிவிட்டு நிஜ இயந்திரத்தில் படுத்துவிடும். போலிகள் தவறுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டதுதான் காரணம். இது பொறுக்காமல் நிஜத்தைத் துல்லியமாகப் பின்பற்றும் பி.எஸ்.நெஸ் என்ற மென்பொருளையே எழுதினார். எழுதி, பல வருஷம் அதைச் செம்மைப்படுத்தி, திரும்ப வந்து 2021 பிப்ரவரியில் பஹாமட் லகூனை முடித்து வெளியிட்டார். நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் போயிருந்தது. அதே ஆண்டு ஜூனில் இறந்துபோனார்.

மதர் 3 இன்னொரு மாதிரி. ஷிகெசாடோ இடோய் என்ற விளம்பர எழுத்தாளர் கதை எழுதிய விளையாட்டு, 2006 ஏப்ரலில் ஜப்பானில் மட்டும் வந்தது. கிளைட் மாண்டெலின் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர், பகலில் சம்பளத்துக்குச் செய்ததை ராத்திரியில் சும்மா செய்தார். அவரும் குழுவும் 2008 அக்டோபரில் ஆங்கிலப் பதிப்பை வெளியிட, ஒரே வாரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இறக்கினார்கள். பிறகு 2013-ல் அவர் நிண்டெண்டோவிடம், என் மொழிபெயர்ப்பை இலவசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். எடுத்துக்கொள்ளவில்லை. 2024 பிப்ரவரியில் ஸ்விட்ச் இயந்திரத்தின் சேவையில் மதர் 3 வந்தது, அதுவும் ஜப்பானில் மட்டும். ஓசியில் கொடுத்தாலும் வாங்காத பிடிவாதத்தை என்னவென்று சொல்வது!

எல்லாக் கம்பெனிகளும் அப்படி இல்லை. ஜியோஃப்ரண்ட் என்ற ரசிகர் குழு செய்த ட்ரெயில்ஸ் ஃபிரம் ஜீரோ மொழிபெயர்ப்பை என்.ஐ.எஸ். அமெரிக்கா நிறுவனம் முறையாகப் பெற்று, அதை வைத்தே 2022-ல் அதிகாரபூர்வப் பதிப்பு போட்டது. 1995-ன் செய்கென் டென்செட்சு 3-க்கு ரசிகர் பதிப்பு 2000-ல் வந்தது, கம்பெனியின் ஆங்கிலப் பதிப்பு 2019-ல். நடுவில் இருந்த பத்தொன்பது வருஷமும் ஆங்கிலத்தில் அந்த விளையாட்டு ரசிகர்களின் தயவில்தான் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: மொழிபெயர்க்கும் உரிமை படைப்பின் உரிமையாளருடையது, 1957-ம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ரசிகர்கள் விளையாட்டைப் பகிர்வதில்லை, எந்த இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்ற சின்ன ஒட்டுக்கோப்பை மட்டும் பகிர்கிறார்கள். அதனால் எல்லாம் சுத்தம் என்று ஆகிவிடாது. பெரும்பாலான கம்பெனிகள் கண்ணை மூடிக்கொண்டிருப்பதால் ஓடுகிற வண்டி இது. இந்தக் கோப்புகளுக்குப் பெரிய கிடங்காக 2005-லிருந்து இருந்த ரோம்ஹேக்கிங் டாட் நெட், 2024 ஆகஸ்டில் புதிதாக எதையும் ஏற்பதை நிறுத்திக்கொண்டது. இருந்ததையெல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவிடம் ஒப்படைத்தார்கள்.

பையனின் நண்பர்கள் கேட்டது வேறு கேள்வி. ஐந்தாம் பாகம்தான் 2021-லேயே புதுப்பித்து விற்பனைக்கு வந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்த வேலை? வந்தது உண்மைதான். அதில் பன்னிரண்டு மொழிகள் இருக்கின்றன. தாய்லாந்து மொழி கூட இருக்கிறது. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் குறிகள் ஏறி உட்காரும் எழுத்து அது. ஆகவே எழுத்து கஷ்டம் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. தமிழ் இல்லாததற்குக் காரணம் எழுத்து அல்ல. தமிழில் கொடுத்தால் வாங்குவோம் என்று நாம் யாரும் இதுவரை காட்டவில்லை, அதுதான். கே.டி.இ., குனோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று மென்பொருள்களைத் தமிழாக்கத் தன்னார்வலர்கள் இருந்தார்கள். சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைத் தமிழ் பேச வைத்தது, அந்தச் சின்னஞ்சிறு பலூனுக்குள். கனடாவிலிருந்து 2023-ல் வந்த வெண்பா விளையாட்டில் கிழிந்துபோன தமிழ்ச் சமையல் குறிப்பைச் சேர்த்துப் படிப்பதே ஆட்டமாக இருந்தது. செய்யக்கூடியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் விளையாட்டு என்றால் ஆங்கிலம்தான் என்று எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது, ஆறாவது படிக்கும் ஒருத்தியைத் தவிர. பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல அண்ணன் இல்லாத பிள்ளைகளுக்கு ஃபாரிஸ் யார் என்பது தெரியப்போவதே இல்லை.

இப்போதைய நிலவரம் இதுதான். எழுத்துரு ஏறக்குறைய முடிந்துவிட்டது, சின்னக் கட்டத்து "ண" மட்டும் இன்னும் கம்பளிப்பூச்சிதான். முதல் மூன்று காட்சிகள் திரையில் தமிழில் ஓடுகின்றன. நான்காவதில் வசனப் பெட்டி உடைந்து, பாதிக் கடல் முழுக்க "க்க்க்க்க்" என்று நிரம்பி வழிகிறது. ஏதோ ஒரு சுட்டெண் தப்பு. கல்லூரித் தேர்வு முடிந்துதான் பார்க்க முடியும். ஃபாரிஸ் கப்பலில் பேசும் முதல் வசனம் குறிப்பேட்டில் மூர்த்திக்குப்பத்துப் பேச்சில் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. தங்கச்சி மூன்றாவதுக்குச் சிவப்புப் பேனாவில் டிக் போட்டிருக்கிறாள். அவனுக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.